வலிய ஒளியும் முறுக்குண்ட பொருளும்

(இயற்பியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு படிகம், ஒரு கேள்வி. படிகத்தின் பெயர் பிஸ்மத் செலினைடு. சாம்பல் நிறம், உலோகப் பளபளப்பு; ஒட்டுநாடாவை மேலே ஒட்டி இழுத்தால் ஏடு ஏடாக உரிந்து வரும். செலினியம், பிஸ்மத், செலினியம், பிஸ்மத், செலினியம் என ஐந்து அணுத்தளங்கள் சேர்ந்தது ஓர் ஏடு. அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். கேள்வி இதுதான்: இந்தப் படிகத்தின்மேல் மிக வலிமையான லேசர் துடிப்பைப் பாய்ச்சும்போது அதிலிருந்து வெளிவரும் ஒளி, படிகத்தின் இடத்தியல் தன்மையை நமக்குச் சொல்லிவிடுமா?

என் விடையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். எலெக்ட்ரான் எந்த வழியே நடந்தது என்பதை அந்த ஒளி வியக்கத்தக்க நுட்பத்துடன் சொல்கிறது. இடத்தியல் எண் என்ன என்பதை அது நேரே சொல்வதில்லை. அந்த எண்ணைப் பல அளவீடுகளை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து நாம்தான் வருவிக்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்பட்ட வரிகள் இத்துறையில் பல உண்டு. அதனால்தான் இதையே பேச்சின் நடுப்பொருளாக வைத்துக்கொண்டேன்.

1. முதலில் இடத்தியல் பொருள் என்றால் என்ன என்று பார்ப்போம். திடப்பொருளில் எலெக்ட்ரான்களுக்கு ஆற்றல் பட்டைகள் உண்டு. நிறைந்த பட்டைக்கும் வெறுமையான பட்டைக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தால் அது மின்கடத்தாப் பொருள். நான் படித்த காலத்துப் பாடநூல்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் கடத்தாப் பொருள்களிலும் இரண்டு இனம் உண்டு. கழுத்துக்குப் போடும் பட்டையான மாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முனைகளைச் சேர்த்துக் கட்டும்போது ஒரு புரி திருப்பிக் கட்டிவிட்டால், அதன்பின் இழுத்தாலும் அமுக்கினாலும் தோளில் எப்படிப் போட்டாலும் அந்த முறுக்கு போகாது. அறுத்துக் கட்டினால்தான் போகும். முறுக்கின் எண்ணிக்கையும் முழு எண்ணாகத்தான் இருக்கும். பட்டைகளில் உள்ள எலெக்ட்ரான் அலைகளுக்கும் இப்படியொரு முறுக்கு இருக்க முடியும்; அதன் எண்ணிக்கையே இடத்தியல் எண். இங்கே அறுப்பதற்கு ஈடானது ஆற்றல் இடைவெளி மூடிக்கொள்வது.

முறுக்குள்ள பொருள் ஓரிடத்தில் முடிந்து வெற்றிடம் தொடங்குகிறது. வெற்றிடத்துக்கு முறுக்கு இல்லை. ஆகவே எல்லையில் எங்கோ இடைவெளி மூடிக்கொண்டே ஆக வேண்டும். உட்பகுதி மின்சாரத்தைக் கடத்தாமலும் பரப்பு கடத்திக்கொண்டும் இருப்பதற்கு இதுவே காரணம். பிஸ்மத் செலினைடின் உட்பகுதியில் இடைவெளி சுமார் 0.3 எலெக்ட்ரான் வோல்ட். பரப்பிலோ, நிறையே இல்லாதவைபோல் நடந்துகொள்ளும் டிராக் எலெக்ட்ரான்கள் உலவுகின்றன. அவற்றின் தற்சுழற்சி, ஓடும் திசைக்குச் செங்குத்தாகப் பூட்டப்பட்டிருக்கிறது. இவை நேர்பின்னே திரும்ப வேண்டுமானால் தற்சுழற்சியும் தலைகீழாக வேண்டும். காந்தத் தன்மையற்ற ஒரு மாசு அதைச் செய்ய முடியாது. பிஸ்மத்தின் அணு எண் 83. அவ்வளவு கனமான அணுவில் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் உள்ள பிணைப்பு வலுவாக இருக்கும். பட்டைகளின் வரிசையைத் தலைகீழாக்கி முறுக்கை உண்டாக்குவது அந்தப் பிணைப்புத்தான்.

இதன் வரலாற்றைச் சுருக்கிவிடுகிறேன். 1980இல் கிளாஸ் வான் கிளிட்சிங் குவாண்டம் ஹால் விளைவைக் கண்டார். 25,812.807 ஓம் என்ற மின்தடையும் அதன் முழு எண் பின்னங்களும் மாதிரியின் அளவையோ மாசையோ பொருட்படுத்தாமல் வந்தன. 1982இல் தௌலஸ் குழுவினர் அந்த முழு எண் இடத்தியல் எண் என்று காட்டினர். 1988இல் ஹால்டேன், வெளியிலிருந்து சீரான காந்தப்புலம் இல்லாமலே இது நிகழ முடியும் என்று ஒரு மாதிரியை எழுதினார். 2005இல் கேன், மெலே இருவரும் தற்சுழற்சியைக் கொண்டுவந்தனர். 2007இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்கில் பாதரச டெலுரைடு படலத்தில் சோதனைச் சான்று கிடைத்தது. 2009இல் பிரின்ஸ்டனில் பிஸ்மத் செலினைடின் பரப்பு நிலைகள் கண்ணுக்குத் தெரிந்தன. 2016இன் நோபல் பரிசு தௌலஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் போனது.

ஆனால் ஒரு பெயரிடம் மட்டும் நின்றுதான் போக வேண்டும். முறுக்கைக் கணக்கிட நாம் பயன்படுத்தும் கருவி, 1984இல் மைக்கேல் பெர்ரி எழுதிய வடிவியல் கட்டம். ஓர் அலை தன் நிலைகளின் வெளியில் ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பினாலும், வந்த வழியின் சுவடு அதன் கட்டத்தில் தங்கிவிடுகிறது. இதே கருத்தை ஒளியின் தளவிளைவுக்கு 1956இலேயே எழுதியவர் சி. வி. ராமனின் தங்கை மகன் பஞ்சரத்தினம். பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் படிகங்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்த அவருக்கு அப்போது வயது 22. ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 1986இல் இதை எடுத்துச் சொன்னார்கள்; பெர்ரியும் அடுத்த ஆண்டே அந்தக் கட்டுரையின் முதன்மையை ஏற்று எழுதினார். 35 வயதில் மறைந்த பஞ்சரத்தினத்துக்கு அதைக் காணும் பேறு வாய்க்கவில்லை. இன்றைய பேச்சு முழுதும் அவர் கண்ட கருத்தின்மேல்தான் நிற்கிறது: போன வழி ஒரு சுவடு விடும். அவர் அதை ஒளியில் கண்டார். நாம் ஒளியைக் கொண்டு எலெக்ட்ரானில் அதைத் தேடுகிறோம்.

2. பரப்பு நிலைகளைக் காண ஏற்கனவே வழிகள் இருக்கும்போது வலிய லேசர் எதற்கு என்று கேட்கலாம். மின்தடையை அளப்பது எளிய வழி. ஆனால் பிஸ்மத் செலினைடை வளர்க்கும்போது செலினியம் சில இடங்களில் விடுபட்டுப் போகும். அந்தக் காலியிடங்கள் ஒவ்வொன்றும் உட்பகுதிக்கு எலெக்ட்ரானைக் கொடுக்கும். கடத்தாமல் இருக்க வேண்டிய உட்பகுதி கடத்தத் தொடங்கிவிடும். பரப்பின் மின்னோட்டம் அதில் அமிழ்ந்து போகும்.

இரண்டாவது வழி, புற ஊதா ஒளியால் எலெக்ட்ரானை வெளியே தள்ளி, அது பறக்கும் கோணத்தையும் ஆற்றலையும் அளப்பது. பரப்பு எலெக்ட்ரான்களின் ஆற்றல் வரைபடமான டிராக் கூம்பின் புகழ்பெற்ற படங்கள் எல்லாம் இப்படி வந்தவையே. இதற்கு மீஉயர் வெற்றிடமும் அப்போதே பிளந்த புதுப் பரப்பும் வேண்டும். காந்தப்புலத்தை வைத்தால் வெளியே வரும் எலெக்ட்ரான் திசை மாறிவிடும். மேலே வேறொரு படலம் மூடியிருந்தால் எலெக்ட்ரான் வெளியே வராது. ஒரு கருவிக்குள் புதைந்திருக்கும் இடைமுகத்தை இம்முறை தொட முடியாது. ஒளியை உள்ளே அனுப்பி ஒளியையே வெளியே வாங்கும் முறைக்கு இந்தத் தடைகளில் பெரும்பாலானவை இல்லை.

3. இப்போது வலிய ஒளிக்கு வருவோம். 1960இல் மைமன் ரூபி லேசரை உருவாக்கினார். அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்கன் குழு அந்த 694.3 நானோமீட்டர் சிவப்பொளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் குவித்து, அதன் சரிபாதி அலைநீளத்தில் புற ஊதா ஒளியைப் பெற்றது. ஒளிப்படத் தகட்டில் விழுந்த அந்தச் சிறு புள்ளியைக் கறை என்று கருதி அச்சில் நீக்கிவிட்டார்கள் என்பது இயற்பியலாளர் யாவரும் அறிந்த செய்தி. இதுவே இரண்டாம் சீரிசை. புலம் மெலிதாக இருக்கும்போது எலெக்ட்ரான் ஒளியின் தாளத்துக்கே அசையும். புலம் வலுத்தால் அசைவு கோணலாகும், அந்தக் கோணலில் மடங்கு அதிர்வெண்கள் பிறக்கும்.

1987 வாக்கில் சிகாகோவிலும் பிரான்சின் சாக்லேயிலும் மந்த வாயுக்களில் மிக உயர்ந்த சீரிசைகள் தோன்றின. சாக்லேயில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் ஆன் லூலியே. 2023இன் நோபல் பரிசை அவர் அகோஸ்தினி, கிராவ்ஸ் ஆகியோரோடு பகிர்ந்துகொண்டார். காரணத்தை எளிய படமாக 1993இல் தந்தவர் பால் கார்க்கம்: மின்புலம் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது, வெளியே ஓட்டுகிறது, புலம் திசை மாறியதும் எலெக்ட்ரான் திரும்பிவந்து தாய் அயனியோடு மோதி, சேர்த்துவைத்த ஆற்றலை ஒளியாகக் கொட்டுகிறது.

இதைத் திடப்பொருளில் செய்ய முடியும் என்று அப்போது நம்பியவர்கள் குறைவு. வேண்டிய மின்புலம் நானோமீட்டருக்கு ஒரு வோல்ட் அளவில் இருக்கும். காற்று முறிந்து மின்பொறி பாய்வதற்கான புலத்தைப்போல் இது சில நூறு மடங்கு. படிகம் எரிந்துபோகாதா? 2011இல் ஷம்பு கிமிரே, டேவிட் ரைஸ் குழுவினர் துத்தநாக ஆக்சைடு படிகத்தில் இதைச் செய்து காட்டினர். அவர்கள் 3.25 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் தேர்ந்தார்கள். அந்த ஃபோட்டானின் ஆற்றல் படிகத்தின் இடைவெளியைவிட மிகக் குறைவு, எனவே நேரடி உறிஞ்சல் இல்லை. துடிப்பும் மிகக் குறுகியது. வெப்பம் அணிக்கோவையில் சேர்ந்து அதைச் சிதைக்குமுன் வேலை முடிந்துவிடும். இத்தகைய துடிப்புகளை வலுப்படுத்தும் வழியை 1985இல் ஸ்டிரிக்லாண்டும் மூரூவும் கண்டுபிடித்திராவிட்டால் இந்தச் சோதனையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

திடப்பொருளில் நடப்பது வாயுவில் நடப்பதைவிட வளமானது. 3.25 மைக்ரோமீட்டர் ஒளியின் ஓர் அலைவு முடிய 11 ஃபெம்டோ நொடிகூட ஆகாது. அதற்குள் எலெக்ட்ரான் உந்தவெளியில் நெடுந்தூரம் ஓடிவிடுகிறது. ஓடும்போதே பட்டையின் வளைவுகளால் அதன் வேகம் ஏறி இறங்குகிறது. அதுவே ஒளியை உமிழ்கிறது. மேல் பட்டைக்குத் தாவிய எலெக்ட்ரான், தான் விட்டுவந்த துளையோடு மீண்டும் சேர்ந்தும் உமிழ்கிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு, நமக்கு அதுவே முக்கியம். பட்டையில் பெர்ரி வளைவு, அதாவது முன்னே சொன்ன வடிவியல் கட்டத்தின் இடத்துக்கு இடமான அளவு, இருந்தால், புலம் முன்னே தள்ளும்போது எலெக்ட்ரான் பக்கவாட்டிலும் விலகும். அந்த விலகல் புலத்துக்குச் செங்குத்தான தளவிளைவோடு ஒளியில் வெளிப்படும். 2017இல் ஓரடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடிலும் 2018இல் குவார்ட்ஸிலும் இந்தச் செங்குத்து உமிழ்வைக் கொண்டு பெர்ரி வளைவைப் பற்றிய தகவலைப் பெற்றார்கள். குவார்ட்ஸ் இடத்தியல் பொருளே இல்லை என்பதை இங்கே மனத்தில் வையுங்கள். பெர்ரி வளைவு இருப்பது வேறு, அதன் மொத்தக் கூட்டல் முறுக்காக நிற்பது வேறு.

4. இனி நம் படிகம். வாயுவில் நேர்கோட்டுத் தளவிளைவுள்ள ஒளியை வட்டமாக மாற்றினால் சீரிசைகள் அற்றுப்போகும். சுழன்று ஓடும் எலெக்ட்ரான் தாய் அயனியைத் தவறவிட்டுவிடும். 2021இல் ஸ்டான்ஃபோர்டு, ஸ்லாக் ஆய்வாளர்கள் பிஸ்மத் செலினைடில் இதற்கு மாறானதைக் கண்டனர். வட்டத் தளவிளைவில் பரப்பின் சீரிசைகள் வலுத்தன. அடுத்த ஆண்டு அதே வட்டாரத்தினர், பிஸ்மத்தின் இடத்தில் இண்டியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுத்தினர். இண்டியம் இலகுவான அணு. தற்சுழற்சிப் பிணைப்பு குறைகிறது. ஒரு கட்டத்தில் இடைவெளி மூடித் திறந்து முறுக்கு அவிழ்கிறது. முறுக்குள்ள மாதிரியும் அவிழ்ந்த மாதிரியும் வட்ட ஒளிக்கு முற்றிலும் வெவ்வேறாக விடை தந்தன. மிக அழகான சோதனை அது.

ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க், மார்பர்க் குழுக்கள் தம்பி முறையான பிஸ்மத் டெலுரைடை எடுத்துக்கொண்டன. 2018இல் அவர்கள் தெராஹெர்ட்ஸ் துடிப்பால் பரப்பு எலெக்ட்ரான்களை ஓட்டி, அந்த ஓட்டத்தை அலையின் ஒரு சுற்றுக்குள்ளேயே படம்பிடித்தனர். எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரு பிக்கோ நொடி வரை சிதறாமல், பல நூறு நானோமீட்டர் தூரம் ஓடின. 2021இல் அதே பொருளில் சீரிசைகளை அளந்தபோது எதிர்பாராத ஒன்று வந்தது. சீரிசை என்றால் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்காக இருக்க வேண்டும். துடிப்பின் உறைக்குள் அலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் திருப்பத் திருப்ப, பரப்பிலிருந்து வந்த சீரிசைகள் முழு மடங்கை விட்டு நகர்ந்து இடைப்பட்ட எண்களில் நின்றன. எலெக்ட்ரான்கள் நேர்கோட்டில் ஓடாமல் வளைந்து வளைந்து செல்வதையும், அது உமிழ்வின் தளவிளைவில் பதிவதையும் அக்குழு காட்டியது. பஞ்சரத்தினம் சொன்ன சுவடு இதைவிடத் தெளிவாக எங்கே கிடைக்கும்?

5. இவ்வளவும் சொன்னபின் நம்மை நிறுத்தும் ஒரு கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும். 2023இல் ஒஃபர் நியூஃபெல்டும் ஏஞ்சல் ரூபியோ உள்ளிட்ட ஹாம்பர்க் கூட்டாளிகளும் தலைப்பிலேயே ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: உயர் சீரிசையில் இடத்தியலுக்குப் பொதுவான அடையாளம் ஏதேனும் உண்டா? விடையையும் தலைப்பிலேயே வைத்தார்கள்: அநேகமாக இல்லை. சீரிசையின் உருவத்தைத் தீர்மானிப்பவை ஆற்றல் இடைவெளியின் அளவு, பட்டையின் வடிவம், படிகச் சமச்சீர்மை, லேசரின் அலைநீளம் எனப் பல. முறுக்கின் பங்கு இவற்றோடு கலந்தே வருகிறது. முறுக்கில்லாத பொருளொன்று முறுக்குள்ளதைப்போல் நடந்துகாட்ட முடியும்.

இக்கட்டுரை வந்தபோது துறையில் சிலருக்கு வருத்தம். எனக்கு அது மிகத் தேவையான கட்டுரையாகவே பட்டது, இன்றும் அப்படியே. காரணத்தை நம் படிகத்தை வைத்தே சொல்கிறேன். உட்பகுதிக்கு மையச் சமச்சீர்மை உண்டு, ஆகவே இரட்டைப்படைச் சீரிசைகள் உள்ளே பிறக்காது. பரப்பில் அச்சமச்சீர்மை இல்லை, ஆகவே பிறக்கும். சரி. ஆனால் எந்தப் படிகத்தின் பரப்பிலும் அது இல்லை. இரட்டைப்படைச் சீரிசை வந்தால் பரப்பு பேசுகிறது என்று மட்டும் சொல்லலாம். முறுக்குள்ள பரப்பு என்று சொல்ல அது போதாது. இண்டியம் சோதனையை எடுங்கள். இண்டியம் நுழையும்போது முறுக்கு மட்டுமா மாறுகிறது? இடைவெளியின் அளவு மாறுகிறது, தற்சுழற்சிப் பிணைப்பு மாறுகிறது, ஒழுங்கீனம் கூடுகிறது. சீரிசை இவை அனைத்தையும் உணரும். எனினும் அந்தச் சோதனையை நான் உயர்வாக மதிக்கிறேன். ஒரே ஒரு மாதிரியின் நிறமாலையைக் காட்டி முறுக்கைக் கண்டோம் என்று சொல்லாமல், தொடராக மாதிரிகளை வளர்த்து ஒப்பிட்டார்கள். வலிய ஒளி தரும் சாட்சியம் ஒப்பீட்டில்தான் பொருள் பெறும்.

6. இன்னொரு தடையும் உண்டு. எனக்கு உறக்கம் கெடுப்பது அதுதான். வலிய ஒளி தான் பார்க்கும் பொருளை மாற்றிவிடுகிறது.

2009இல் ஓகாவும் ஆவோகியும், வட்டத் தளவிளைவுள்ள ஒளி கிராஃபீனின் டிராக் புள்ளியில், அதாவது கூம்பின் முனையில், ஓர் இடைவெளியைத் திறக்கும் என்று கணக்கிட்டனர். 2013இல் எம்ஐடியில் நூ கெடிக் குழு அதைப் பிஸ்மத் செலினைடின் பரப்பிலேயே காட்டியது. ஒளி விழும் நேரத்தில் மட்டும் எலெக்ட்ரான் பட்டைகள் ஃபோட்டான் ஆற்றல் இடைவெளியில் நகலெடுத்துக்கொண்டன. ஒளி வட்டமாக இருந்தபோது டிராக் புள்ளியில் இடைவெளி விழுந்தது. இவையே ஃப்ளோகே-பிளாக் நிலைகள். 2020இல் ஹாம்பர்கில் கவல்லேரி குழுவினர் ஒளியூட்டிய கிராஃபீனில், காந்தப்புலமே இல்லாமல், ஹால் மின்னோட்டத்தை அளந்தனர். 2023இல் பிஸ்மத் டெலுரைடில் இந்நிலைகள் அலையின் ஓரிரு சுற்றுக்குள்ளேயே உருவாவதை ரீகன்ஸ்பர்க், மார்பர்க் குழுக்கள் கண்டன.

மாணவர்களே, இதை நான்காம் பகுதியோடு சேர்த்துப் பாருங்கள். பிஸ்மத் செலினைடின் பரப்பு நிலைகளைக் காப்பது கால மீள்திருப்பச் சமச்சீர்மை. நிகழ்வுகளைப் பின்னோக்கி ஓட்டினாலும் விதி மாறாது என்பதே அதன் உட்பொருள். வட்டத் தளவிளைவுள்ள ஒளிக்கு ஒரு சுழற்சித் திசை உண்டு. பின்னோக்கி ஓட்டினால் அத்திசை தலைகீழாகும். ஆக, எந்தச் சமச்சீர்மை இந்த நிலைகளைக் காக்கிறதோ அதையே உடைக்கும் ஒளியை வைத்துத்தான் இந்த நிலைகளைத் தேடுகிறோம். மெல்லிய ஒளியாக இருந்தால் உடைப்பு அற்பம் என்று விட்டுவிடலாம். சீரிசை உண்டாகும் அளவுக்கு வலுத்த ஒளியில் அப்படி விட முடியாது. அளந்தது படிகத்தின் இயல்பா, ஒளியும் படிகமும் சேர்ந்து அக்கணத்தில் உண்டாக்கிய வேறொரு நிலையின் இயல்பா? வட்ட ஒளிச் சோதனை ஒவ்வொன்றும், புலத்தின் வலிமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய் விடை எப்படி மாறுகிறது என்று காட்ட வேண்டும். அந்த வரைபடம் இல்லாத கட்டுரையை நான் பாதிதான் நம்புவேன்.

இந்தத் தடையே இன்னொரு பக்கம் ஒரு வாய்ப்பு. 2019இல் டங்ஸ்டன் டைடெலுரைடில் தெராஹெர்ட்ஸ் துடிப்பைப் பாய்ச்சி, அணுத்தளங்களை ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி, அந்த வெய்ல் அரைஉலோகத்தின் சமச்சீர்மையையே மாற்றிக் காட்டினர். அது தனிச் சொற்பொழிவுக்குரிய பொருள், இங்கே விட்டுவிடுகிறேன்.

7. நம் நாட்டில் இதற்கு என்ன இடம்? 2023இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒதுக்கீடு 6,003.65 கோடி ரூபாய். அதன் நான்கு மையங்களில் ஒன்று குவாண்டம் பொருள்களுக்கும் கருவிகளுக்கும் உரியது. டெல்லி ஐஐடியில் அமைகிறது. திடப்பொருள் சீரிசைக் கோட்பாட்டில் மும்பை ஐஐடியின் கோபால் தீட்சித் குழு நல்ல வேலை செய்துவருகிறது. லேசர் வாங்கப் பணம் கிடைத்துவிடும். படிகம் வளர்ப்பவருக்கும் அதே மதிப்பைத் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒப்பீடுதான் சாட்சியம் என்றால், ஒப்பிடத்தக்க மாதிரிகளை ஒன்றுபோல் வளர்க்கத் தெரிந்தவர் இல்லாமல் எந்த லேசரும் பயன்படாது.

நான் காண விரும்பும் சோதனையையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்மத் செலினைடு படலத்தை ஏடு ஏடாக எண்ணி வளர்க்கலாம். படலம் ஆறு ஏடுகளுக்குக் கீழே மெலிந்தால், மேற்பரப்பின் எலெக்ட்ரான்களும் அடிப்பரப்பின் எலெக்ட்ரான்களும் ஒன்றையொன்று உணர்ந்து டிராக் புள்ளியில் இடைவெளி திறக்கும் என்பது 2010இலேயே அளக்கப்பட்டது. இங்கே வேதியியல் மாறுவதில்லை, இண்டியம் நுழைவதில்லை, அணுக்களின் தற்சுழற்சிப் பிணைப்பு அப்படியே இருக்கிறது. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என்று ஏடுகளைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அறையில், ஒரே நாளில், ஒளிஎலெக்ட்ரான் படத்தையும் உயர் சீரிசையையும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பல புல வலிமைகளில் எடுக்க வேண்டும். வட்ட ஒளியில் காணும் வலுப்பு ஆறுக்கும் ஐந்துக்கும் இடையே சட்டென்று குலைந்தால், பரப்பின் டிராக் எலெக்ட்ரான்களே அதன் பிறப்பிடம் என்று நான் ஒப்புக்கொள்வேன். தடிமனோடு சேர்ந்து மெல்ல மெல்லத் தேய்ந்தால், அந்தப் பாராட்டை உட்பகுதிக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.